கைகள் மறைந்த மதியம்

ஜுவேரியாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவளுடைய அப்பா மெஹபூப் பாஷாவுக்கும் அம்மா அமீனா பீக்கும்தான் பிறவியிலேயே கேட்காது. அதனால் அவள் வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசக் கற்றுக்கொண்டாள். இந்த முப்பத்தெட்டு வயதிலும் அந்தக் கைகள் சும்மா இருப்பதில்லை. மாம்பலத்தில் ரயிலேறினால், பக்கத்தில் நிற்பவர்கள் செல்போனில் பேசுவதைக்கூட மடிக்குள்ளேயே சைகையாக மாற்றிக்கொண்டிருப்பாள்.

அடையாற்றில் இருக்கும் நெய்தல் தொலைக்காட்சியில் அவளுக்கு வேலை. அரசுப் பணத்தில் நடக்கிற சேனல் அது. ஆரம்பத்தில் மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும், அதுவும் கறுப்பு வெள்ளையில்தான் ஒளிபரப்பானது. விவசாயிகளுக்கு உர யோசனை, மீனவர்களுக்குக் காற்று நிலவரம், காணாமல் போனவர்களின் புகைப்படங்கள் என்று தனியார் சேனல்கள் தொடாத காரியங்களை எல்லாம் செய்தது. பிறகு காது கேளாதவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு செய்தி வந்தது. மேற்கு மாம்பலம் வீட்டில் அந்தக் கால் மணி நேரம் அடுப்பு அணைந்திருக்கும். அப்பாவும் அம்மாவும் பெட்டிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அந்தச் செய்தி தினமும் வருகிறது. வாசிப்பவர் வாசிக்க வாசிக்க, திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று சைகை செய்பவள் ஜுவேரியா.

அந்த டிசம்பரில் மழை மூன்றாவது நாளாக விடவில்லை. மணிக்கு ஒரு சிறப்புச் செய்தி என்று நிலையத்தில் முடிவாகியிருந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஜுவேரியா மனமில்லாமல்தான் கிளம்பி வந்திருந்தாள்.

பதினோரு மணிச் செய்தி முடிந்ததும் அம்மாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. டி.வி. திரையைப் படம் பிடித்திருந்தார். ஜுவேரியாவின் முகம் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே சிவப்புப் பட்டையில் அவசர அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. கைகள் அந்தப் பட்டைக்குப் பின்னால் மறைந்திருந்தன. படத்துக்குக் கீழே அம்மா மூன்றே சொற்கள் எழுதியிருந்தார்: 'கை எங்கே போச்சு?'

போனை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர் விஜயராகவனிடம் ஓடினாள்.

"சார், நான் செய்யறது யாருக்கும் தெரியல. பட்டை மறைக்குது."

"இன்னிக்கு அந்தப் பட்டைதான் மேடம் முக்கியம். ஹெல்ப்லைன் நம்பர் எல்லாம் அதுலதான் போறது."

"படிக்கத் தெரியாதவங்க இருக்காங்க சார். எங்கம்மாவுக்கே பாதிதான் புரியும்."

"கட்டத்தை நான் நகர்த்த முடியாது. மேலிருந்து சொல்லணும். மெயில் போட்டிருக்கேன், பார்க்கலாம்."

பன்னிரண்டு மணிச் செய்தியிலும் பட்டை அப்படியே ஓடியது. தெரியாது என்று தெரிந்தே எட்டு நிமிடம் கை அசைத்தாள். யாருமில்லாத தெருவில் நின்று கத்துவது போல இருந்தது.

ஒரு மணிச் செய்திக்கான தாள் வந்தது. ஏரி நிரம்பிவிட்டது, உபரி நீர் திறக்கப்படுகிறது, அடையாற்றங்கரையில் தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் நான்கு மணிக்குள் வெளியேற வேண்டும். படித்ததும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். 'வேறு அழைப்பில் இருக்கிறார்' என்று வந்தது. மறுபடி போட்டாள். அதே பதில். நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அம்மா யாரிடம் இவ்வளவு நேரம் பேசுகிறார்? உதவி கேட்டுக் கூப்பிடுகிறாரா? வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா?

கேமராக்காரர் சுயம்புலிங்கம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"எதுக்கும்மா இப்படி அலையுதிய?"

சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"கட்டத்தை நகத்தத்தானே அனுமதி வேணும்? கேமராவ எறக்க அனுமதி வேண்டாமே. நான் கொஞ்சம் கீழ எறக்குதேன், கை மேல வந்துரும். ஆனா நெத்திக்கு மேல வெட்டிரும். பரவாயில்லையா?"

"புருவம் தெரிஞ்சா போதும் அண்ணே. சைகையில பாதி முகத்துலதான் இருக்கு."

ஒரு மணிக்கு அவள் நெற்றிக்கு மேல் வெட்டுப்பட்ட பொம்மை போலத் திரையில் வந்தாள். ஹெட்போனில் விஜயராகவனின் குரல் வெடித்தது. "சுயம்பு, ஃபிரேம் என்ன ஆச்சு? தலை வெட்டறது!" சுயம்புலிங்கம் கேளாதவர் போல நின்றார். ஜுவேரியா ஏரியைக் காட்டினாள், தண்ணீரைக் காட்டினாள், நான்கு விரல்களை உயர்த்தி நேரத்தைக் காட்டினாள்.

வெளியே வந்ததும் போன் அதிர்ந்தது. அம்மாதான். வீட்டில் கட்டில் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். ஜுவேரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று.

'எல்லோரோடும்தான். உன் கை தெரியவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எனக்குப் புரிந்ததைச் சொன்னேன். இப்போது கை தெரிந்தது. இன்னும் ஒன்பது பேரைக் கூப்பிட வேண்டும். நீ வை.'

அம்மா அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

மறுநாள் சுயம்புலிங்கத்திடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். 'காது கேளாதோர் செய்தியில் தலையைவிடக் கை முக்கியம் என்று கருதினேன்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளோடு தன் மெயிலையும் இணைத்து மேலே அனுப்பியவர் விஜயராகவன். பத்து நாளில் கட்டம் திரையின் மேல் பாதிக்குப் போனது, அளவும் பெரிதானது.

பொங்கலுக்கு முன்பு ஒரு மாலை, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் ஓட்டும் ஃபைசான் என்பவன் மனைவி சிம்ராவோடு ஜுவேரியாவின் வீட்டுக்கு வந்தான். இருவருக்கும் காது கேட்காது. அன்று ஒரு மணிச் செய்தியைப் போனில் பார்த்துவிட்டு, தங்கள் சந்திலிருந்த ஆறு குடும்பங்களையும் கிளப்பிக்கொண்டு வெளியேறியவர்கள். ஐந்து மணிக்கு அந்தச் சந்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடியதாம். அமீனா பீ டீயோடு சமோசாவும் வைத்தார்.

ஃபைசான் சிரித்துக்கொண்டே கையால் சொன்னான். 'நீங்கள் ஏரி உடைந்துவிட்டது என்றீர்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம்.'

ஜுவேரியா டீயைக் கீழே வைத்தாள். 'உடைந்தது என்று சொல்லவில்லை. திறக்கிறார்கள் என்றேன்.'

அவன் தலையாட்டி மறுத்தான். அவள் அன்று செய்த சைகையை அப்படியே செய்து காட்டினான். அவசரத்தில் இரண்டு கைகளையும் வேகமாக விரித்திருக்கிறாள். அவர்கள் பழகிய சைகையில் அது உடைவது. ஓடும்போது படியில் விழுந்த சிம்ராவுக்கு இன்னும் கணுக்கால் வீக்கம் வடியவில்லை.

'அப்படிப் புரிந்ததால்தான் சீக்கிரம் கிளம்பினோம்,' என்றாள் சிம்ரா. 'திறக்கிறார்கள் என்றிருந்தால் இவர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றிருப்பார்.'

எல்லோரும் சிரித்தார்கள். ஜுவேரியாவால் சிரிக்க முடியவில்லை. சிம்ராவின் காலைப் பார்ப்பதும் டீயைப் பார்ப்பதுமாக இருந்தாள். பிறகு எழுந்து போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்து ஃபைசானுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

'மதகைத் திறப்பதற்கு நீங்கள் எப்படிச் சைகை செய்வீர்கள்? மெதுவாகக் காட்டுங்கள். உபரி நீருக்கு? கரை பலவீனமாக இருக்கிறது என்பதற்கு?'

ஃபைசான் சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டான்.