மண்டபத்துக் கட்டிலும் ஆம்புலன்ஸும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் சங்கரன்கோவிலில் வாடகைப் பாத்திரக் கடை, கல்யாண மண்டபம், மாடி வீடு எல்லாம் யார் தயவுமின்றி உண்டாக்கினேன். ஆனால் என் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் வரவே வெகுநேரமாகிவிட்டது. டிரைவரைத் திட்டினேன்.

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? ஆஸ்பத்திரில கட்டில் காலியில்ல. முன்ன கொண்டுபோன ஆளு எங்க ஸ்ட்ரெச்சர்லயே கிடந்தாரு. அத விட்டுட்டு எப்படி வர?" என்றார்.

அங்கே என் மனைவிக்கும் அதே நிலைதான். ஸ்ட்ரெச்சரில் வைத்தே ஊசி போட்டார்கள். அதற்குள் குருவிகுளத்தில் ஒரு கர்ப்பிணிக்கு வலி என்று டிரைவருக்கு போன் வந்தது. வண்டியை எடுக்க முடியாமல் நின்றார்.

"அவர முறைச்சது போதும். மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுத கட்டில் சும்மாதான கிடக்கு? கொண்டாரச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

கட்டில் வந்தது, அவளை மாற்றினோம், வண்டி கிளம்பியது. அந்தப் பெண்ணும் என் மனைவியும் இப்போது நலம்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் என் கட்டில்களை அங்கேயே போட்டு வைக்கிறேன். இது ஆஸ்பத்திரி செய்ய வேண்டிய வேலை. கட்டிலில் எழுதியுள்ள என் பெயரையும் போர்வையால் மூடிவிடுகிறார்கள். யோசனை மனைவியுடையதாக இருக்கலாம், கட்டில் என்னுடையது. பெயர் தெரியும்படி போர்வையை மடித்துப் போட வேண்டும்.