ஞானமலர் டீச்சரின் யன்னலில் கடல்

துறைமுகப் பக்கத்தில் அந்தக் கடைத்தொகுதியைப் போல அவலட்சணமான கட்டடம் வேறில்லை என்பது ஞானமலர் டீச்சரின் முடிந்த முடிவு. பாசி பிடித்த சீமெந்துச் சுவர், துருக்கம்பி தெரியும் தூண்கள், போதாததற்குப் புறா எச்சம். அது அவர் சமைக்கும் குசினியின் யன்னலுக்கு நேரே நின்று கடலை மறைத்தது. பாலர் பாடசாலைப் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவருக்கு அந்தச் சுவரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதன் கீழ்த்தளத்தில் தேநீர்க்கடை வைத்திருந்தவர் கலீலுர் றஹ்மான்; டீச்சருக்கு அவர் நானா. நோன்பு மாதத்தில் அவருடைய கஞ்சி தூக்குவாளியில் டீச்சர் வீட்டுக்கு வரும். முறுக்கோ முருங்கைக்காயோ, ஏதாவது வைக்காமல் டீச்சர் வாளியைத் திருப்பியதில்லை.

இடிக்கப்போகிறார்கள் என்ற கதை எழுந்ததும் நானா வந்து நின்றார்.

"டீச்சர், அயல் ஆக்களிட்ட கேக்க வருவாங்களாம். இடிக்காமத் திருத்தினாப் போதும் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ."

"ஓம் நானா, சொல்லாம விடுவனா?"

சொல்லத்தான் நினைத்தார். ஆனால் வந்த அதிகாரி கட்டடத்தைப் பற்றிக் கேட்டதும் பல வருட எரிச்சல் முந்திக்கொண்டது. "அதை எப்பவோ இடிச்சிருக்க வேணும்" என்றார். பிறகுதான் நானாவின் நினைவு வந்தது. மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டார்.

இயந்திரம் சுவரை விழுத்திய நாளில் டீச்சர் யன்னலை விட்டு அசையவில்லை. புழுதி அடங்கியதும் கடல் தெரிந்தது. மனம் துள்ளியது. அந்தத் துள்ளலை அவராலேயே சகிக்க முடியவில்லை. யன்னலைச் சாத்தினார்.

இனிக் கஞ்சி வராது, நானாவின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்று ஆறுதல்கூடப் பட்டார். முதல் நோன்பன்றே நானா கிண்ணியாவில் உள்ள தன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டார், தூக்குவாளியோடு.

"கடை போனா என்ன டீச்சர், வீட்டில காய்ச்சினம். நீங்க எங்களுக்காகக் கதைச்சதை மறக்க ஏலுமா?"

பஸ் சுணங்கிப் பிந்தியதில், அவர் டீச்சர் வீட்டில் நிற்கும்போதே நோன்பு துறக்கும் பாங்கு கேட்டுவிட்டது. டீச்சர் பதறிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், அவர் கொண்டுவந்த கஞ்சியையே கோப்பையில் ஊற்றி வைத்தார். நானா கையேந்தித் துஆக் கேட்டு நோன்பு துறந்தார்.

"உங்களுக்கும் சேத்துக் கேட்டனான். ஏன் யன்னலைப் பூட்டி வச்சிருக்கீங்க? காத்து வரட்டுமே."

அவரே எழுந்து திறந்தார். தன் கடை இருந்த இடத்தில் கடலைப் பார்த்தார்.

டீச்சருக்குத் தாங்க முடியவில்லை. "நானா, நான் உங்களுக்காகக் கதைக்கேல்ல. இடிக்க வேணுமெண்டுதான் சொன்னனான்."

நானா கதிரையில் வந்து அமர்ந்தார். கோப்பையில் இருந்ததைக் குடித்து முடித்தார். வாளியில் மிச்சமிருந்த கஞ்சியை டீச்சரின் சட்டியில் ஊற்றினார். டீச்சர் ஓடிப்போய் வாளிக்குள் வைக்க ஏதாவது தேடினார்.

"வேணாம் டீச்சர்."

முதல் தடவையாக அந்த வாளி வெறுமையாகப் போனது.