இரண்டு கதலியும் இதய வால்வும்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நான்கு இருபது. வெள்ளவத்தையில் அடைமழை. தனியார் ஆஸ்பத்திரியொன்றில், மூன்று நாடாக்களில் ஒன்று அறுந்த பச்சை அங்கியோடு படுத்திருந்தேன்.

முந்தின கிழமை நெஞ்சை ஸ்கான் செய்தபோது, இதய வால்வின் இதழொன்றில் பதினொரு மில்லிமீற்றர் அளவில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. மிக அபூர்வமான கட்டியாக இருக்கலாம், புற்றுநோய் அல்ல, ஆனால் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் என்றார் டொக்டர். தொண்டை வழியே குழாய் விட்டு, இதயத்தைப் பின்புறமிருந்து பார்த்தால்தான் தெளிவாகத் தெரியுமாம். எழுபத்துநான்கு வயதில் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. அன்றிரவு 'அபூர்வம்' என்று ஐந்து தரம் சொன்னேன்.

"உங்களுக்கு நோய்வருத்தமும் ஊரில ஒருத்தருக்கும் இல்லாததாத்தான் வரவேணும்," என்றாள் மனைவி.

டொக்டர் குழாயைக் கையிலெடுத்தபோது நேர்ஸ் கேட்டாள்: "ஐயா, காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?"

"கந்தசஷ்டி விரதமெல்லோ, பிள்ளை! நாப்பத்தொரு வருஷமாப் பிடிக்கிறன். ரெண்டு மணிக்குப் பாலும் ரெண்டு கதலிப்பழமும், அவ்வளவுதான்."

குழாய் அந்தரத்தில் நின்றது.

"ஐயா, அது சாப்பாடு," என்றார் டொக்டர்.

"விரதத்தில அது சாப்பாடில்லை, டொக்டர்."

"முருகனுக்குச் சரி. மயக்கத்தில சத்தியெடுத்தால் வயித்தில கிடக்கிறது சுவாசப்பைக்குள்ள போயிடும். வியாழக்கிழமை வாங்கோ."

பழம் தின்ற குற்றத்துக்கு இரண்டு நாள் காவல். அதற்குள் துணுக்கு பிய்ந்துவிட்டால்? மணிக்கொரு தரம் கண்ணாடிமுன் நின்று, நாக்கு குழறுகிறதா என்று பார்க்க ஒன்றிலிருந்து நூறுவரை சத்தமாக எண்ணினேன்.

"வாய் கோணவும் இல்லை, ஓயவும் இல்லை," என்றாள் மனைவி. ஆனால் செவ்வாய் இரவும் புதன் இரவும் அவள் தூங்கவில்லை. நான் தூங்காததால் எனக்குத் தெரியும்.

வியாழனன்று தண்ணீர்கூடத் தொடாமல் போனேன். படம் தெளிவாக விழுந்தது. அடுத்த கிழமை நெஞ்சைத் திறந்து, வால்வைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் சீவியெடுத்தார்கள். போத்தல் நீரில் அது சின்னக் கடற்பூப்போல விரிந்து நின்றதாம். ஆய்வுகூடமும் டொக்டர் சந்தேகித்த கட்டிதான் என்றது.

கண் விழித்ததும் நூறுவரை எண்ணினேன். ஒன்றும் தவறவில்லை. அறுபதைத் தாண்டும்போது மனைவி அழத் தொடங்கியிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பில்லை நீட்டினாள்: "இனி இதை எண்ணுங்கோ."

நான் பழம் தின்று குழப்பிய பரிசோதனைக்கும் சேர்த்து, பத்தொன்பது இலட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.