வரப்பில் விரித்த முந்தானை

மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டி உரிமத்துக்கான தேர்வை அந்தப் பெரிய பாறைச் சிற்பத்துக்கு எதிரிலேயே வைத்தார்கள். பத்து நிமிடம் பேச வேண்டும். மூன்று பேர் மதிப்பெண் போடுவார்கள். முதல் முறை வாய் உலர்ந்து பாதியில் நின்றவள் நான். இந்த முறையும் கோட்டை விட்டால் பழையபடி செங்கல்பட்டு ஜவுளிக்கடைதான்.

துணைக்கு அம்மா வந்திருந்தாள். வயலில் கூலி வேலை பார்த்தே உடம்பு தேய்ந்தவள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இந்தப் பாறையை அவள் பார்த்ததே இல்லை. கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்தேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். "ஒற்றைக் காலில் தவம் செய்யும் இவரைச் சிலர் அர்ச்சுனன் என்பார்கள்…" அவ்வளவுதான், அம்மா செருப்பைக் கழற்றினாள். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பாறைக்குக் கீழே போய் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து அண்ணாந்து நின்றாள்.

காவலாளி விசில் ஊதினார். குழுத் தலைவர், "யாரும்மா அது? பிச்சை கேட்குதா?" என்றார்.

சுருக்கென்றது. யாரென்று தெரியாது எனச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியதை மறைக்க மாட்டேன். அப்படித் தோன்றியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"எங்கம்மா சார். பிச்சை இல்ல, எனக்காக அர்ச்சுனன்கிட்ட முந்தானை ஏந்துறாங்க" என்றேன்.

மனப்பாடம் செய்ததெல்லாம் போயே போய்விட்டது. எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். கோடையில் திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கூத்து நடக்கும். அதில் ஒரு நாள் அர்ச்சுனன் தபசு. நட்டுவைத்த நெடும் பனைமரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே முந்தானை விரிப்பார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. தள்ளி, வரப்பில் நின்று பார்க்கலாம். அம்மா எட்டு வருஷம் அந்த வரப்பிலேயே முந்தானை விரித்தாள். பழம் அவ்வளவு தூரம் வராது என்று அவளுக்குத் தெரியும். எட்டாவது வருஷம் வீசியவருக்குக் கை நீண்டதோ என்னவோ, ஒன்று வந்து விழுந்தது. மறு வருஷம் நான் பிறந்தேன்.

"அது கூத்தும்மா. வரலாறு ஆகாதே" என்றார் தலைவர்.

கோபம் வந்தால்தான் எனக்கு வாய் திறக்கும். "நடுவுல தண்ணி இறங்குற பிளவைப் பார்த்தா கங்கையக் கொண்டாந்த பகீரதன்னு சொல்றதுலயும் நியாயம் இருக்கு சார். நான் ரெண்டையும் சொல்வேன். ஆனா ஜனங்க அர்ச்சுனன்தான்னு சொல்றாங்களே, அதுவும் வரலாறுதான். அந்தப் பக்கம் அஞ்சு ரதத்துக்கும் பாண்டவர் பேரு ஜனங்க வெச்சதுதானே? இந்த நாட்டுல எந்த மூலைக்குப் போனாலும் பாண்டவர் எங்க ஊர்லதான் தங்கினாங்கன்னு ஒரு குகையக் காட்டுவாங்க. ராஜாக்களோட எல்லையெல்லாம் மாறிடுச்சு. மொழி புரியாதவங்களையும் ஒரே நாட்டுக்காரங்களா நினைக்க வெச்சது இந்தக் கதைங்கதான். அந்தக் கதை எங்களுக்கும் சொந்தம். எங்கம்மா வரப்புல நின்னதும் வரலாறுதான் சார்."

குழுவில் இருந்த பெண் அதிகாரி அம்மாவைப் பக்கத்தில் அழைத்தார். "இப்பவும் வரப்புலதான் நிக்கிறீங்களா?"

"இன்னாத்துக்கு மேடம்? மூணு வருசமா எங்க தெருவுலயே மரம் நட்டுகினு கீறோம். போன வாட்டி ஏறுனது இவ தம்பி. கம்பெனிக்கு லீவு போட்டுட்டு வந்து ஏறுனான். ஊர்த்தெருப் பொம்பளைங்களும் வந்து முந்தானைய விரிச்சாங்க."

"அவங்களுக்கும் போட்டாரா?"

"போடாம? அர்ச்சுனன் வேசம் கட்டிக்கினு எந்தத் தெருன்னா பாத்துகினு இருப்பான்?" என்றாள் அம்மா.

எனக்கு உரிமம் கிடைத்தது. மூன்று பேரும் யார் பேச்சுக்கு மதிப்பெண் போட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.