மேடையில் போட்ட மூன்று முடிச்சு

நான் பெண் வேடம் கட்டிப் பேர் வாங்கியவன். மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காலையில் பால்மரம் வெட்டுவேன். மாரியம்மன் திருவிழா வந்தால் கூத்தில் ராணி வேடம் எனக்குத்தான். வருஷா வருஷம் எவனாவது ஒரு ராஜா என் கழுத்தில் தாலி கட்டுவான். கூத்து முடிந்ததும் அதை அவிழ்த்துத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு மறுநாள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பேன். கட்டியவனும் பக்கத்தில்தான் நிற்பான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்கு இதைவிட நல்ல சாக்கு என்னிடம் இல்லை.

அந்த நாளில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: என் மாமன் மகள். மாமா அடுத்த தோட்டத்தில் கங்காணி. முறைப்பெண் எனக்குத்தான் என்று ஊரே சொன்னாலும் அவர் வாய் திறக்கவில்லை. ஒருநாள் என் அம்மாவிடம் போட்டு உடைத்துவிட்டார். "பொடவை கட்டி ஆடுறவனுக்கு எப்புடிம்மா பொண்ணு குடுக்குறது? நாலு பேரு சிரிக்க மாட்டானா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்டுக்கத்தியை வைத்துவிட்டு டவுனுக்கு வந்துவிட்டேன்.

முப்பதுகளின் பிற்பாதி அது. மலாக்கா டவுனில் கடலோரமாக ஒரு தகரக் கொட்டகையில் ஆட்டக் கம்பெனி ஒன்று நடந்தது. அதை நடத்தியவர் போர்த்துகீசிய வம்சத்து பேண்டு மாஸ்டர். எந்நேரமும் கிராமபோன் பக்கத்தில் உட்கார்ந்து, கப்பலில் வந்த அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்டு, அதையே தன் ஆட்களை வாசிக்க வைப்பார். அந்த ஆட்ட இசைக்கு 'சுவிங்' என்று பேர் என்பதை அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். மேடையில் பேச்சே கிடையாது. நாலு காதல் கதைகள். நாலும் வாத்தியத்திலும் ஆட்டத்திலுமே நடக்கும். மீனவனும் படகுக்காரன் மகளும், சிப்பாயும் நர்ஸும், இப்படி. கூத்தில் ஆடிய கால் என்பதால் எனக்கு அடவு சீக்கிரம் பிடிபட்டது. ஷூ மட்டும்தான் கடித்தது. மூன்றே மாதத்தில் கதாநாயகன் ஆகிவிட்டேன். கோட்டு, கழுத்துப்பட்டை, வாரிய தலை. அந்தக் கோலத்தில் ஒருநாள் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தை பொறக்கட்டும், பரிசம் போட்டுடலாம்" என்றார். அவள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அதற்கப்புறம் அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

எனக்கு ஜோடியாக ஆடியவள் சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரையும் மலேரியா கொண்டுபோய்விட, தூரத்துச் சித்தியோடு டவுனுக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். நான் தூக்கிச் சுழற்றினால் பயப்படாமல் வருவாள். அது போதும் என்று இருந்தேன். அவள் மனசில் என்ன இருந்தது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

தீபாவளி வாரத்தில் தோட்டத்து ஜனம் லாரி ஏறி டவுனுக்கு வரும். அதனால் தமிழ்க் கதை ஒன்று சேர்க்க வேண்டும் என்றார் பேண்டு மாஸ்டர். கங்காணி மகளும் பால்வெட்டுக்காரனும் காதலித்து, கடைசியில் கல்யாணம். கதை என்னுடையது, எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தாலி கட்டும்போது உங்கள் ஆட்கள் என்ன வாசிப்பார்கள் என்று கேட்டார். கெட்டிமேளத்தைக் கையால் தட்டிக் காட்டினேன். அவருக்கு ஒரே குஷி. டிரம்காரனும் டிரம்பெட்காரனும் இரண்டு நாள் அதையே சாதகம் பண்ணினார்கள்.

ஒத்திகையில் மஞ்சள் ரிப்பன்தான் கட்டினேன். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அன்று காலையில் எனக்கு ஒரு நினைப்பு: தோட்டத்துப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், ரிப்பனைக் கண்டால் கேலி பண்ணுவார்கள், மாமாவும் வருகிறார். நேரே பூசைச் சாமான் கடைக்குப் போய்க் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்கும் வாங்கி, கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. எத்தனை தடவை என் கழுத்தில் ஏறி இறங்கிய கயிறு!

கொட்டகையில் உட்கார இடமில்லை. மாமா, அத்தை, அவர்கள் மகள் மூன்று பேரும் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். ஆட்டம் அன்று அமைந்ததுபோல் என்றும் அமைந்ததில்லை. கல்யாணக் கட்டத்தில் நான் பையிலிருந்து கயிற்றை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவள் கால் தாளம் தப்பியது. ஒரு நொடிதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பேண்டு முழுக்கக் கெட்டிமேளம் முழங்கியது. டிரம்காரன் மூன்று அடி அடித்தான். அடிக்கு ஒன்றாக மூன்று முடிச்சும் போட்டேன். முன்வரிசைப் பெண்கள் குலவையிட்டார்கள். தலையில் இருந்த பூவைப் பிய்த்து எங்கள் மேல் போட்டார்கள். கைதட்டல் ஓயவில்லை. நான் மண்டைக்கனத்தோடு மாமாவைத் தேடினேன். மூன்று நாற்காலியும் காலியாக இருந்தன.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அத்தைக்கு மயக்கம் வந்திருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் போனபோது மாமா திட்டக்கூட இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கூத்துதானே மாமா," என்றேன்.

"கூத்துல ஆம்பளைக்கு ஆம்பள கட்டுவான். அது வெளையாட்டு. நீ வயசுப் பொண்ணு கழுத்துல மஞ்சக்கயிறு கட்டியிருக்க. மேளம் கொட்டிச்சு, மூணு முடிச்சு போட்ட, எரநூறு பேரு பாத்தாங்க. இன்னும் என்னாடா பாக்கி?"

"மனசுல இல்லியே மாமா."

"நெறைய கல்யாணத்துல அது இருக்குறதில்ல. என் மகள ரெண்டாந்தாரமா குடுக்கச் சொல்றியா?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. ஒரு வார்த்தை தள்ள முடியவில்லை. நான் திரும்பும்போது மாமன் மகள் வாசலில் வந்து நின்றாள். "அந்தக் கயிறு இன்னும் அவ கழுத்துல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதைக்கூட நான் பார்க்கவில்லை.

இருந்தது. நர்ஸ் கவுன் போட்டபோதும் இருந்தது, படகுக்காரன் மகளாக ஆடியபோதும் இருந்தது. சனங்கள் முணுமுணுத்தார்கள். அதைக் கழற்றச் சொல் என்று பேண்டு மாஸ்டர் என் பிராணனை எடுத்தார். எனக்கோ வேறு கணக்கு. அவள் கழற்றிவிட்டால் மாமாவிடம் போய், பாருங்கள், வேடம்தான் என்று சொல்லிவிடலாம்.

கொட்டகைக்குப் பின்னால் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றாள். "வீடு வேணாம், சோறு வேணாம். நீங்க ஒங்க மாமன் மகளையே கட்டிக்குங்க. இது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அது இருந்தா அவங்க குடுக்க மாட்டாங்க. புரியல? அவுத்துடு."

"கட்டுனவரு உசுரோட இருக்கையில எப்புடி அவுக்குறது? நீங்களே சொல்லுங்க."

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே ஒரு வழி கேட்டாள். நான் நல்லவனாக இருந்திருந்தால் அங்கே உட்கார்ந்து யோசித்திருப்பேன். கோபம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

"அப்ப நான் செத்துட்டேன்னு வெச்சுக்க," என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ஈரத் துணியைக் கூடையில் வைத்துவிட்டு, நெற்றிப் பொட்டை முந்தானையால் துடைத்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் கயிற்றைத் தலைவழியாக உருவி எடுத்தாள். என் கையில் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். அழவில்லை. அன்று மாலை ஆட்டத்துக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை.

கயிற்றை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "ஒரு பொண்ண அறுக்க வெச்சிட்டு அத எங்கிட்ட காட்ட வந்தியா?" என்றார். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது, வேறொருவனோடு. நான் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ஆட்டக் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்தேன். யாரைத் தூக்கிச் சுழற்றினாலும் தாளம் தப்பியது. மாஸ்டரே போகச் சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, பாச்சாங் பாசாரில், காய்கறிச் சந்தையில், என்னோடு ஆடியவளைப் பார்த்தேன். கீரைக்காரி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை. நெற்றி வெறுமையாக இருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயசுகூட இருக்காது. பேச வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், வா என்று கூப்பிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் போய் நின்றேன்.

கீரைக்காரி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இவ்ளோ சின்ன வயசுல வெள்ள கட்டியிருக்கியேம்மா. வேற ஒருத்தன பாத்துக்கலாம்லா?"

"அவரு தாலி கட்டுனதோட சரிக்கா," என்றாள். அப்போது என் நிழல் கீரைமேல் விழுந்திருக்க வேண்டும், தலையை நிமிர்த்தினாள். என்னை முழுசாகப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, தெரிந்தவன் என்ற அடையாளம்கூட இல்லை. மறுபடியும் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டு, "நல்ல மனுஷன்க்கா, நல்லா ஆடுவாரு," என்றாள்.

கீரையை வாங்கி முந்தானையில் போட்டுக்கொண்டு என்னை ஒதுங்கிக் கடந்து போனாள். நான் கூப்பிடவில்லை. கீரைக்காரி என்னைப் பார்த்து என்ன வேணும் என்று கேட்டாள்.