ஒழுங்கீனமும் மனஸ்தாபமும்

கன்னடத்திலும் தமிழிலும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்டிருந்த படம் அது. பெங்களூர் அல்சூரில் இருந்த தயாரிப்பு அலுவலகத்தில் எனக்கு வேலை. கன்னடத்தில் வரும் வசனத்தையும் பத்திரிகைக் குறிப்புகளையும் தமிழில் எழுதித் தர வேண்டும்.

படப்பிடிப்பு ஆரம்பித்த புதிதில், ஒரு துணை நடிகர் உதவி இயக்குநரைப் பிடித்துத் தள்ளிவிட்டதாகப் புகார் வந்தது. மறுநாள் காலையிலேயே அவரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ‘ஒழுங்கீனத்தை எங்கள் நிறுவனம் ஒருபோதும் பொறுத்துக்கொள்ளாது’ என்று குறிப்பில் எழுதினேன். அவரைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை. வாக்கியம் கம்பீரமாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து, ஆனேக்கல் பக்கம் போட்டிருந்த செட்டில் அடுத்த புகார். சட்டை மடிப்பு சரியில்லை என்று கதாநாயகர் ஹேங்கரை விட்டெறிந்தார், நெற்றியில் பட்டது என்று உடைப் பிரிவு அக்கா சொன்னார். நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்காவின் நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத்தான் பார்த்தேன். மூன்று நாளாகியும் கதாநாயகரின் காட்சிகள் நடந்துகொண்டே இருந்தன.

நான்காம் நாள் மேனேஜர் அக்காவை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். மேசைமேல் கன்னடத்தில் அடித்த ஒரு தாள், பக்கத்தில் மை டப்பா. அக்கா அல்சூர்க்காரர், கன்னடம் சரளமாகப் பேசுவார், படிக்க எந்த மொழியும் தெரியாது. படித்துக்காட்ட வேண்டியவன் நான்.

அக்கா வருவதற்குள் மேனேஜர் என்னை ஓரமாக இழுத்தார். “முழுசா எல்லாம் வேணாம் குரு. சாராம்சம் சொல்லு, கைநாட்டு வாங்கு, முடிஞ்சுது. உன்னை இன்னும் பர்மனென்ட் பண்ணலை, ஞாபகம் இருக்குல்ல?”

அக்கா வந்து உட்கார்ந்தார். தாளை என் பக்கம் நகர்த்தி, “இது இன்னா சொல்லுது தம்பி?” என்றார்.

“ரெண்டு பேரும் சமாதானமா போறீங்கன்னு எழுதியிருக்குக்கா.”

அக்கா தாளை மேலிருந்து கீழே பார்த்தார். “அதுக்கா இவ்ளோ எழுத்து?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பீன்யா தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்க்கும் என் அம்மாவும் எந்தத் தாள் வந்தாலும் இதே மாதிரிதான் என்னிடம் நீட்டி, “இன்னாடா சொல்லுது?” என்பார். ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் ரேஷன் தாளானாலும் ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். நான் விட்டுவிட்டால் அம்மாவைப் பொறுத்தவரை அது அங்கே எழுதப்படவே இல்லை.

மேனேஜரைப் பார்க்காமல் தாளை எடுத்தேன். கன்னடத்தில் இருந்ததை அப்படியே படித்தேன். ‘எனக்கும் கதாநாயகருக்கும் ஏற்பட்ட சிறு மனஸ்தாபம் தீர்ந்துவிட்டது. ஹேங்கர் என் கை தவறி என்மேலேயே பட்டது. ஆத்திரத்தில் பொய்ப் புகார் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.’

“மனஸ்தாபமா?” என்றார் அக்கா. அந்த வார்த்தை இரண்டு மொழியிலும் ஒன்றுதான். “அவருக்கும் எனக்கும் இன்னா, சம்பந்தி சண்டையா சார்? பந்தியில எனக்கு அப்பளம் வைக்கலைன்னு கோச்சிக்கினா வந்தேன்?”

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “ஸ்வல்பம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. பெரிய படம்” என்றார்.

“அந்தச் சின்ன நடிகரை ராவோட ராவா தூக்கினீங்களே, அப்போ சின்னப் படமா? இவரையும் தூக்குன்னு நான் சொல்லலை. ரெண்டு பேரையும் ஒக்கார வச்சிக் கேளுங்க. நான் பொய் சொன்னேன்னு மட்டும் கைநாட்டு வைக்க மாட்டேன்.”

மேனேஜர் செல்போனோடு வராந்தாவுக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியே அவர் கை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். வீட்டில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். அக்கா பிளாஸ்திரியின் ஓரத்தை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் திரும்பி வந்து பொத்தென்று உட்கார்ந்தார். “கமிட்டி போட்டு விசாரிக்கட்டும்னு தயாரிப்பாளருங்க சொல்லிட்டாங்க. கைநாட்டு வைக்காத தாள் வெளியே போனா இன்னும் அசிங்கம்னு வக்கீலே சொல்லிட்டாராம். அதுவரைக்கும் ஹீரோ சீன் நிறுத்தம்.” மூச்சை விட்டார். “அப்பாடா. எனக்கும் மூணு நாளா தூக்கம் இல்லை குரு. மை டப்பாவை மூடு, காஞ்சிடும்.”

என் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று டீ சொன்னார். அதில் ஒன்று எனக்கு என்றதும்தான் வீட்டில் சொல்ல வைத்திருந்த ஒத்திகையைக் கைவிட்டேன்.

“அந்தத் துணை நடிகரையும் கூப்பிட்டு விசாரிக்கலாமே சார்?” என்று கேட்டேன்.

“டீயைக் குடி முதல்ல. எழுதிக் கொடு, கேட்டுப் பார்க்கறேன்.”

அன்றைக்குக் குறிப்பில் ஒழுங்கீனமும் இல்லை, மனஸ்தாபமும் இல்லை. கதாநாயகர்மீது புகார் வந்திருக்கிறது, விசாரணை முடியும்வரை அவர் நடிக்கும் காட்சிகளை எடுக்கமாட்டோம் என்று மட்டும் எழுதி, அக்காவுக்குப் படித்துக்காட்டினேன்.

அக்கா எட்டித் தாளைப் பார்த்தார். “இவ்ளோதானா?”

“இவ்ளோதான்க்கா.”

“சரியாத்தான் கீது. எழுத்தும் இவ்ளோ, நீ படிச்சதும் இவ்ளோ.”