சிங்கத்தோடு இருந்த பெண்

வெஸ்ட்மீட் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் எனக்குக் காலை வேலை. ஒன்பது மணிக்குள் ஆறு பேரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்ட வேண்டும். அந்த ஆறு பேரில் ஒருவர் ஒல்லாந்துக்காரர், டச்சுக்காரர் என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கோட்டை கட்டிவிட்டுப் போன அதே ஆட்கள். மறதி நோயில் அவருக்கு ஆங்கிலம் முழுதாகப் போய்விட்டது, பிறந்த பாஷைதான் மிச்சம். கட்டிலை விட்டு எழும்புவதில்லை.

அவருடைய கால்மாட்டுச் சுவரில் பழைய அச்சுப்படம் ஒன்று தொங்கியது. நடுவில் முடி சூடிய ஒரு பெண், காலடியில் சிங்கம். சுற்றிவர ஆட்கள் எதையெதையோ கொண்டுவந்து வைக்கிறார்கள். சிங்கம் இருந்தால் எனக்கு அது அம்மாள்தான். அவர்களுடைய சாமியாக்கும் என்று நினைத்தேன். சாமி படத்துக்கு நேரே ஒரு மனிதர் நாள் முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு கிடப்பதா? ஒரு திங்கட்கிழமை, இடுப்பு வலியோடு கதிரையில் ஏறி, அதைக் கழற்றித் தலைமாட்டில் சும்மா இருந்த ஆணியில் கொழுவினேன். கும்பிட்டும் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எதைத் தொட்டாலும் ஒரு படிவம், எனக்கு அலுத்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடித்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வெறுஞ்சுவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஓட்ஸ் கஞ்சியோடு நின்று கெஞ்சினேன், பொறுமை கெட்டு இரண்டொரு தரம் தமிழில் ஏசியும் விட்டேன். இது கடைசிக் கட்டம்போலத் தெரிகிறது, இனி வற்புறுத்தி ஊட்ட வேண்டாம், மகளை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் மெல்பேர்னிலிருந்து மகள் வந்தார். வந்ததும் வெறுஞ்சுவரையும் தலைமாட்டுப் படத்தையும் பார்த்து, இதை ஏன் இடம் மாற்றினீர்கள் என்றுதான் கேட்டார். அந்தப் பெண் சாமியில்லையாம், அவர்களுடைய நாடாம். ஆட்கள் கொண்டுவருவது காணிக்கையும் இல்லை. தொலைநோக்கி, நுண்ணோக்கி, ஊசல் மணிக்கூடு, தண்ணீரை இறைத்து நிலம் மீட்ட யந்திரம் என்று எல்லாம் தாங்கள் கண்டுபிடித்தவை என்ற பெருமை. அச்சு யந்திரத்தையும் விடவில்லை, ஜெர்மன்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று மகள் லேசாகச் சிரித்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டுவிழா மேடையில் இதைவிட நீளமான பட்டியல் கேட்டிருக்கிறேன். அப்பா சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்து அதன் பெயரைச் சொல்வாராம், சொற்கள் மறந்துபோகாமலிருக்க.

பொறுப்பு நர்ஸ் மதுரைப் பெண். என் பக்கம் திரும்பி, "நீங்களா அக்கா மாத்துனீங்க?" என்றாள்.

"ஓம், நான்தான்."

மகளிடமும் நானே சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

படத்தைப் பழைய இடத்தில் கொழுவினோம். கிழவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலைத் தூக்கி ஒரு சொல் சொன்னார், அடுத்ததைக் காட்டி இன்னொன்று. மணிக்கூட்டில் விரல் நின்றுவிட்டது. மகள் எடுத்துக் கொடுத்தும் வரவில்லை.

"போன மாதம் சொன்னாரே," என்றார் மகள்.

இந்த ஒன்பது நாளில்தான் அந்தச் சொல் போனதோ என்னவோ. கஞ்சிக் கோப்பையை எடுத்தேன். அவர் வாயைத் திறந்தார்.